இரண்டாவது முட்டை

வாத்து வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாம் தனியாக உட்கார்ந்து பேசலாம். மற்றவர்களுக்கு அந்த வாடையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சேறு, தவிடு, நத்தை ஓடு, ஈர வைக்கோல் எல்லாம் சேர்ந்த வாடை. குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாலும் பாவாடை மடிப்பில் உட்கார்ந்துகொண்டு கூடவே வரும். எனக்கு இப்போது முட்டி வலி, சர்க்கரை, வெள்ளெழுத்து எல்லாம் வந்தாயிற்று. நம் வயதில் யாருக்குத்தான் வரவில்லை? ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் அந்த வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறும்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைப் பொய். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் நிலம், அதற்கும் பின்னால் ஏரி. நாற்பது நாட்டு வாத்துகள் வைத்திருந்தோம். காலையில் பட்டியைத் திறந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிக்குப் போகும். சாயங்காலம் அப்பா தகர டின்னைத் தட்டினால் அதே வரிசையில் திரும்பி வரும். வாத்து முட்டை மூலத்துக்கு நல்லதென்று டவுனிலிருந்து பெரிய மனிதர்கள் சைக்கிளில் வருவார்கள். யாருக்கு வாங்குகிறோம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எல்லோருமே பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் வாங்கினார்கள். அவர்கள் போனதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அப்பாவுக்கு வாத்து என்றால் அத்துப்படி. குஞ்சு இரண்டு மாதம் ஆனதும் கையில் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்பார். ஆண், பெட்டை என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போவார். வாத்தில் பெட்டைதான் ஊரைக் கூட்டும். ஆணுக்குத் தொண்டை கட்டினாற்போல் கரகரவென்று கொஞ்சமாகத்தான் சத்தம் வரும். அப்பா சொன்னது ஒருநாளும் தப்பிப்போய் நான் பார்த்ததில்லை. அதுவே பிறகு வினையாகிப் போனது.

அந்த வருஷம் கோடையில் அப்பா சந்தையிலிருந்து மூன்று பெரிய வாத்துகளைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். கடைக்காரர்கள் கூஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் பெரிய வாத்து என்றே சொன்னோம். மூன்றும் வெள்ளை, மூன்றுக்கும் நீண்ட கழுத்து, பார்வைக்கு எது எதுவென்றே தெரியாது. அப்பா வழக்கம்போல் ஒவ்வொன்றாகக் கத்தவிட்டுக் கேட்டார். ஒன்று விசில் ஊதினாற்போல் கீச்சென்று கத்தியது. ஒன்று அடிவயிற்றிலிருந்து கரகரத்தது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்.

"கத்துறது ரெண்டும் பொட்ட. இந்தத் தொண்டகட்டிதான் ஆணு" என்றார் அப்பா.

அதோடு முடிந்தது. கரகரத்ததற்குத் தொண்டைகட்டி என்றே பெயர். அதன் இடது காலில் விரல்களுக்கு நடுவே இருக்கும் தோல் கிழிந்திருந்ததால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். கீச்சுக்குரல்காரிக்கு விசில்காரி என்று பெயர்.

ஆவணியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. ஐந்து வருஷமாகக் குழந்தையில்லை. "கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருக்கட்டும்" என்று மாமா பஸ் ஏற்றிவிட்டார். ஒரு தகரப்பெட்டியும், கல்யாணச் சீராகப் போன பித்தளைச் சொம்பும் மட்டும் கொண்டுவந்தாள். சொம்பின் வயிற்றில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எப்படி நசுங்கியது என்று கேட்டேன். "விழுந்துடுச்சி கண்ணு" என்றாள். எது எதன்மேல் விழுந்தது என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

அத்தை வந்தபின் எனக்கு நல்ல காலம். அவள் தலை பின்னினால் சாயங்காலம்வரை கலையாது. பட்டியைச் சுத்தம் செய்கிற வேலையை நான் கேட்காமலேயே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெரிய வாத்துகள் மூன்றும் அவள் பின்னாலேயே சுற்றின. விசில்காரி மட்டும் யாரைக் கண்டாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு கடிக்க ஓடும், அவளைத் தவிர.

புரட்டாசிப் பௌர்ணமியன்று சாயங்காலம் மலை சுற்ற வந்த ஓர் அம்மாவை அது துரத்திவிட்டது. அந்த அம்மா விழுந்து, கை வளையல் உடைந்து, மணிக்கட்டில் ரத்தம். அப்பா அவமானத்தில் கூனிக்குறுகிப்போனார். "சாமிய சுத்த வந்தவங்கள கடிச்சா அந்தப் பாவம் யாருக்கு? ஒரு ஜோடி போதும் நமக்கு. கத்துறதும் கடிக்கிறதும் பொட்ட புத்தி" என்றார். மறுநாளே அதைச் சாக்கில் கட்டி, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்குக் காவலுக்கென்று கொடுத்துவிட்டார். சாக்குக்குள்ளிருந்து அது கீச்சென்று கத்திக்கொண்டே போனது. மிச்சமிருந்த இரண்டும் அன்று முழுக்கத் தீனி எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. மாமா வீட்டிலிருந்து ஆள் வந்ததும் அப்போதுதான். மாமாவுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள், இவளும் வந்து இருக்கலாம், யாரும் விரட்டவில்லை, புதுசாக வருகிறவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை வெளியே வரவேயில்லை. ஆள் போனபின் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, நான் போகல. இங்கியே ஒரு மூலையில இருந்துக்கறேன்."

"இருந்துக்க யார் வேணாம்னா? ஊரு கேக்குமே, அண்ணன் எத்தினி நாளைக்கிச் சோறு போடுவான்னு."

"இந்தப் பெரிய வாத்து முட்டை வச்சா, அது குஞ்செல்லாம் நான் வளக்கறேன். அந்த லாட்ஜுலயே கேட்டாங்கன்னு சொன்னியே. என் சோத்த நான் பாத்துக்கறேன்."

அப்பா யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். "சரி. குஞ்சு பொரிச்சா எல்லாம் உனுது. பின்னால கொட்டாயும் உனுது. நானே அவங்க கிட்ட சொல்லிடறேன், என் தங்கச்சி வரமாட்டான்னு" என்றார்.

அத்தை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. பல் தெரியச் சிரித்தாள்.

ஒரு வாரத்தில் முட்டை வர ஆரம்பித்தது. என் கையில் பிடித்தால் விரல்கள் எட்டாது, அவ்வளவு பெரியது. தினம் ஒன்று என்று வைக்கோலில் கிடந்தது. நாட்டு வாத்து தினமும் முட்டையிடும், அதனால் பெரிய வாத்தும் தினம் இட்டதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரிய வாத்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இடும் என்பது எனக்கே வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

இதற்கு நடுவே நான் அடி வாங்கினேன். ஒருநாள் சாயங்காலம் பட்டிக் கதவின் கொக்கியைப் போடாமல் விளையாடப் போய்விட்டேன், கீரி புகுந்து நான்கு குஞ்சுகளைக் கடித்துப் போட்டது. அப்பா கையால்தான் அடித்தார், ஆனால் விரல் ஐந்தும் முதுகில் பதிந்தன. "இனிமே பெரிய வாத்து முட்டை ஒண்ணு ஒடைஞ்சாலும் உன்ன வகுந்துடுவேன்" என்றார். அத்தை முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். நான் அழுதேனோ இல்லையோ, அவள் அழுதாள்.

அதற்கு மூன்றாம் நாள் விடிந்ததும் பட்டியைத் திறக்கப் போனேன். வைக்கோலில் உட்கார்ந்திருந்த தொண்டைகட்டி எழுந்து நகர்ந்தது. அதன் அடியில் ஒரு முட்டை, ஈரத்தோடு, சூடாக. ஒரு சாண் தள்ளி இன்னொன்று, அதுவும் சூடாகத்தான் இருந்தது. ஆண் வாத்து ஏன் முட்டைமேல் உட்காருகிறது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் முந்தி இரண்டையும் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டவேண்டும் என்ற ஆசைதான். இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். தொண்டைகட்டி சீறிக்கொண்டு பாவாடையைப் பிடித்தது. ஒரு முட்டை நழுவி, பட்டி வாசலில் கிடந்த துவைக்கிற கல்மேல் விழுந்தது.

மஞ்சள் கரு கல்லின்மேல் பரவியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதுகு தானாகவே எரிந்தது. பிறகு தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினேன். ஓட்டைப் பொறுக்கி எருக்குழியில் வீசிவிட்டு, மிச்சமிருந்த ஒரு முட்டையை நல்ல பிள்ளையாகக் கூடையில் வைத்தேன்.

அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அத்தை குடத்தோடு கிணற்றடியிலிருந்து வேகவேகமாக வந்தாள். முகத்தில் அப்படியொரு பரபரப்பு.

"அண்ணா, விடியறதுக்கு முன்ன தவிடு வைக்கறப்ப பாத்தேன். இன்னிக்கி ரெண்டு முட்டை. தொண்டகட்டி உக்காந்து முக்கிச்சி, என் கண்ணால பாத்தேன். அதுவும் பொட்டதாண்ணா. ரெண்டுமே பொட்ட. நீ கொண்டுபோய் விட்டியே, அதுதான் ஆணு. அத திருப்பிக் கொண்டாந்துடு."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. வாத்து விஷயத்தில் அவரை யாரும் அதுவரை திருத்தியதில்லை. கூடையைப் போய்ப் பார்த்தார். "எங்க அந்த இன்னொண்ணு? நேத்து எட்டு, இன்னிக்கி ஒம்போது. ஒண்ணுதான ஏறியிருக்கு?"

"பாப்பாவக் கேளுண்ணா. அவதான் எடுத்தா."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வாயில் வேப்பங்குச்சி. அத்தை இடுப்பில் குடம். அவள் கண்ணில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"எத்தினி முட்டை இருந்துச்சி?"

"ஒண்ணுதான்ப்பா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். குடத்தை இறக்கி வைத்தாள். "எனக்குத்தான் கண்ணு மசமசன்னு தெரிஞ்சிருக்கும்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா சிரித்தார். "ரெண்டும் பொட்டயாம்! பொறந்ததுலர்ந்து வாத்துலயே கெடக்கறேன், எனக்கே சொல்றா." அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இரண்டொரு நாளில் முட்டையும் நின்றது, நடுக்குரல்காரி அடைக்கு உட்கார்ந்தது.

அடை வைப்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பிள்ளை பெற்றுப் பிழைத்த கையால்தான் முட்டையைக் கூடையில் அடுக்கவேண்டும். அந்தக் கைக்குத்தான் ராசி என்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான் அடுக்குவாள். அந்தத் தடவை அத்தை, "அண்ணி, இந்த ஒரு அடைய நான் வைக்கறேனே" என்று கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வச்சிட்டுப் போவட்டும், குஞ்சு அவுளுதுதான" என்றார் அப்பா. அத்தை குளித்துவிட்டு வந்து பதினோரு முட்டைகளையும் ஒவ்வொன்றாக அடுக்கினாள். இடி இடித்தால் கரு கலங்கும் என்று ஒரு கரித்துண்டையும் பழைய லாடத்தையும் கூடையில் போட்டாள். பெரிய வாத்துக்கு முப்பது நாள் என்று சந்தைக்காரன் சொல்லியிருந்தான்.

தினமும் மத்தியானம் வாத்து தீனிக்கு எழுந்து போகும்போது, அத்தை அந்த நசுங்கின சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து முட்டைகள்மேல் விரலால் தெளிப்பாள். பத்தாம் நாளோ என்னவோ, ஓட்டைத் தகரத்தின் வழியே விழுந்த வெயிலில் ஒரு முட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு எல்லாவற்றையும். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா அத்தே தெரியுது?"

"இன்னும் நாள் இருக்கு கண்ணு" என்றாள்.

கரு பிடிக்காத முட்டை வெயிலில் வெறுமையாகத் தெரியும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும் மிச்சம் இருபது நாளும் தண்ணீர் தெளித்தாள்.

தீபத்துக்கு மலையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் அதில் இல்லை. முப்பது நாள் போனது, முப்பத்தைந்தும் போனது. மார்கழியில் ஒருநாள் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடையை வெளியே இழுத்தாள். ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார் அப்பா. கூழ். இன்னொன்றும் கூழ். பதினொன்றும் அப்படியே. அந்த நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன், ராசி பாக்காம வைக்கிறாங்களேன்னு. அவ கைய குத்தம் சொல்லி இன்னா ஆவுது, அவ தலையெழுத்து" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னாள். அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போய்விட்டார். பொங்கல் கழித்து மாமா வந்தார். அவள் வரமாட்டாள் என்று சொல்வதாக இருந்த அப்பா, அவருக்குக் காப்பி போடச் சொன்னார். தகரப்பெட்டியை மாமா எடுத்துக்கொள்ள, அத்தை என் கன்னத்தைத் தடவிவிட்டு நடந்தாள். சொம்பை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதை நான் வெகுநாள் வைத்திருந்தேன். பிறகு எந்தப் பழைய பாத்திரக்காரனிடம் போனதோ, தெரியவில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் அத்தை கைக்கு ராசியில்லை என்று நானும் நம்பியே செத்திருப்பேன். முடியவில்லை. அடுத்த வருஷம் அப்பா என்னை அந்த லாட்ஜுக்கு முட்டை கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கேட்டைத் திறந்ததும் கீச்சென்று ஒரு சத்தம். விசில்காரி கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வாத்து, அதன் பின்னால் மஞ்சளும் பச்சையுமாக ஆறு குஞ்சுகள்.

"பயப்படாத பாப்பா, குஞ்சு இருக்கறதால அப்பன் ஜாஸ்தி துள்றான்" என்றார் வாட்ச்மேன்.

"அது பொட்ட" என்றேன்.

"யார் சொன்னா? இந்த ஜாதில கீச்சுன்னு கத்துறதுதான் ஆணு. பொட்டைக்குத்தான் தொண்ட கட்டுன மாரி இருக்கும். நாட்டு வாத்துக்கு நேர் உல்ட்டா இது."

முட்டைக்கூடையைக் கீழே வைத்தேனா கொடுத்தேனா என்று நினைவில்லை. வீடுவரை ஓடினேன். அப்பா தவிடு பிசைந்துகொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கை நின்றது. அப்புறம் மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. உங்கத்தகிட்டயும் சொல்லாத. இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றார்.

அந்த வாரமே இரண்டு பெரிய வாத்துகளையும் விற்றுவிட்டார். அதற்குப்பின் குஞ்சைக் காதருகே வைத்துக் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டார். சாகிறவரை அத்தை வீட்டுக்கு அவர் போனதில்லை. அண்ணனுக்குத் தங்கைமேல் கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முகத்தில் முழிக்க வெட்கப்பட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமாவின் இரண்டாவது மனைவிக்கும் குழந்தை பிறக்கவில்லை. அதற்கு யாரும் மாமாவைப் பஸ் ஏற்றிவிடவில்லை. அவர் போய்ச்சேர்ந்தபின் அந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் ஒருநாள் மனம் கேட்காமல் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அத்தை முறத்தில் மல்லாட்டையை, வேர்க்கடலைதான், போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. ஊர்க்கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசி முடித்தபின் சொன்னேன்.

"அத்தே, அன்னிக்கி ரெண்டு முட்டதான் இருந்துச்சி. ஒண்ண நான் ஒடச்சிட்டேன். பயத்துல பொய் சொல்லிட்டேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. எருக்குழியில ஓடு மேலாப்லயே கெடந்துச்சி. உங்கப்பன் எரு வாற வர்றதுக்குள்ள நான்தான் மண்ணத் தள்ளி மூடினேன்."

"எடுத்துக் காட்டியிருக்கலாமே அத்தே? அவரு நம்பியிருப்பாரே. நீ அங்கியே இருந்திருக்கலாமே?"

"காட்டலாம்னுதான் கையில எடுத்தேன். நீ கெணத்தடியில நின்னுக்கினு மூஞ்ச கழுவிக்கினு இருந்த. சட்டை பின்னால தொறந்து கெடந்துச்சி. அவன் வெரலு அஞ்சும் அப்படியே இருந்துச்சி முதுகுல" என்றாள். ஒரு கொட்டையை உரித்து, தோலை ஊதிவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தாள். "சாப்புடு."